கூடுவாஞ்சேரியில் எடுத்துக் கொடுத்த மோதிரம்

நான் எடுத்துக் கொடுத்த மோதிரங்களில் ஒன்றை எடுக்காமலே விட்டிருக்கலாம். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றைப் பற்றி வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே பீற்றிக்கொண்டாகிவிட்டது.

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு சேலையூரில். ஓய்வு பெற்ற வருடம் கோவளம் கடற்கரையில் என் தோடு ஒன்று திருகு கழன்று மணலில் விழுந்துவிட்டது. அங்கே மெட்டல் டிடெக்டரை வைத்து மணலைத் தடவிக்கொண்டு போன ஒருவர், விசாரித்துவிட்டு, கால் மணி நேரத்தில் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் காலனிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்று பேச்சில் தெரிந்தது. தோடு கிடைத்த சந்தோஷம் ஒரு நாளில் தீர்ந்துவிட்டது. அந்தக் கருவியின் மேல் வந்த ஆசை தீரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது எனக்கும் ஒன்று வாங்கி வந்தான்.

“ரிட்டயர் ஆனவங்க கோயிலுக்குப் போவாங்க, இவ குப்பையைக் கிளறப் போறா” என்றார் என் கணவர்.

குப்பையைத்தான் கிளறினேன். மண்ணுக்குள் தங்கம் எழுப்பும் சத்தமும் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் எழுப்பும் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்க வேண்டும். சோடா மூடி, ஆணி, சிகரெட் பெட்டித் தாள், உடைந்த சாவி. எப்போதாவது ஒரு நாள் ஒரு மோதிரம். முதலில் கடற்கரையில் விழுந்தவை, பிறகு கல்யாண மண்டபத்துத் தோட்டத்தில், விளையாட்டு மைதானத்தில், வாடகை வீட்டுக் கொல்லையில் விழுந்தவை. விமானப்படைக்காரரும் நானும் சேர்ந்தே போவோம். காசு வாங்க மாட்டோம். காசு வாங்காததால் எனக்கு வந்த கர்வம், காசு வாங்கியிருந்தால் வந்திருக்காது.

ஒவ்வொரு முறையும் மோதிரத்தை உரியவர் விரலில் போட வைத்து ஒரு போட்டோ எடுப்பேன். காலனி வாட்ஸப் குழுவில் போடுவேன். பூங்கொத்தும் கைகூப்பும் வந்து குவியும். “உங்க கையில தெய்வம் இருக்கு மேடம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன்.

கூடுவாஞ்சேரியில் ஓர் அம்மாவை அவருடைய உறவினர் யாரோ அந்தக் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறார்; அப்படித்தான் அவருக்கு என் நம்பர் கிடைத்திருக்கிறது. பொங்கல் முடிந்த வாரம் போன் செய்தார்.

“மருமகளோட மோதிரம் காணோம் மேடம். நிச்சயதார்த்தத்துக்கு நாங்க போட்டது. துணி காயப்போடுறப்ப பக்கத்து மனையில விழுந்திருக்கும்கிறா. நாலு நாளா நாங்க எல்லாரும் தேடிப் பார்த்துட்டோம். நீங்க லேடீஸ்னு கேள்விப்பட்டேன், அதான் தைரியமாக் கூப்பிடுறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டோம். ஜி.எஸ்.டி. சாலையில் இருந்து ரயில் பாதையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். புதிதாகப் பிரித்த மனைகள். பத்து மனைக்கு ஒரு வீடு எழும்பியிருந்தது. மிச்சமெல்லாம் எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும். மழைத் தண்ணீர் வற்றிய தரை இன்னும் முழுதாகக் காயாமல் இருந்தது. அந்த வீட்டின் பக்கத்து மனை காலி. வீட்டுச் சுவரில் இருந்து மனையில் நட்ட ஒரு சவுக்குக் கழிக்குக் கொடி கட்டியிருந்தார்கள். மனைக்காரரிடம் போனில் சொல்லிவிட்டதாக அந்த அம்மா சொன்னார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நன்றாக உபசரித்தார். மகனுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறான் என்றார். மருமகள் அவர் பின்னால் நின்றாள். இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. ஒல்லியான பெண். மோதிரம் இருந்த விரலில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

“எந்த இடத்துலம்மா விழுந்திருக்கும்?” என்று கேட்டேன்.

“அந்தப் பக்கம் ஆன்ட்டி” என்று கொடிக்குக் கீழே கிழக்கு ஓரத்தைக் காட்டினாள். “சரியாத் தெரியல.”

கிழக்கு ஓரத்தை இரண்டு மணி நேரம் தேடினோம். கட்டுக்கம்பித் துண்டும் ஆணியும் வந்தன. வெயில் ஏறியது. அவள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

“போதும் ஆன்ட்டி. விட்டுடுங்க. கிடைக்காது” என்றாள்.

“அப்படியெல்லாம் விட மாட்டேன்மா. நீ கவலைப்படாத” என்றேன்.

“இல்ல, வெயில்ல நீங்க கஷ்டப்படறீங்க.”

“எனக்கு இது கஷ்டமே இல்ல.”

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு போனாள். நல்ல பெண், அடுத்தவர் கஷ்டம் தெரிகிறது என்று விமானப்படைக்காரரிடம் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

எதிரே பாதி கட்டி நின்ற கட்டடத்தில் வாட்ச்மேன் ஒருவர் செங்கல்மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார்.

“இன்னாமா தேட்ற? புதையல் எதுனா கீதா?”

“அந்த வீட்டுப் பொண்ணோட மோதிரம் தொலைஞ்சு போச்சு” என்றேன்.

“அப்ப இங்க இன்னாத்துக்குத் தேடிக்கினு கீற? அந்தப் பொண்ணு துணியப் போட்டுட்டு இங்க நிக்காது. தெனம் சாய்ங்காலம் அதோ அந்தக் கல்லாண்டதான் குந்திகினு இருக்கும். அங்க போய்ப் பாரு.”

அவர் காட்டியது மனையின் மேற்கு மூலை. கொடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே துணி காயப்போட ஒன்றுமில்லை. ஒரு எல்லைக்கல்லும் எருக்கஞ்செடியும்தான். ஏன் அவள் கிழக்கே காட்டினாள் என்று அந்த நிமிடம் ஒரு கேள்வி எனக்குள் வந்திருக்க வேண்டும். முப்பது வருடம் மாணவர்களிடம், அளவு சரியாக வரவில்லை என்றால் ஏன் என்று பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். எனக்கு வந்தது கேள்வி இல்லை, உற்சாகம். துப்புக் கிடைத்துவிட்டது என்று வேகமாக நடந்தேன்.

கல்லுக்கு அருகே கருவியின் தட்டை வைத்ததும் காது கிழிகிற மாதிரி சத்தம். இவ்வளவு பெரிய சத்தம் மோதிரத்துக்கு வராது. சாதாரண நாளாக இருந்தால், ஏதோ இரும்புத் தகடு என்று தாண்டிப் போயிருப்பேன். வாட்ச்மேன் சொன்னது மனதில் இருந்ததால் தோண்டினேன். மண் இளகியிருந்தது. ஒரு சாண் ஆழத்தில் பால் பாக்கெட் கவர் தெரிந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கவர். வாயை முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் தகரப் பெட்டி. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ கிணுகிணுத்தது.

“கிடைச்சிருச்சு!” என்று கத்தினேன்.

“மேடம், இருங்க” என்று விமானப்படைக்காரர் பின்னால் இருந்து சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். “திறக்காம பையில போடுங்க.”

அதற்குள் அந்த அம்மா வாசல்படி இறங்கிவிட்டார். என் சத்தம் கேட்டு மகனும் லுங்கியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். நான் பெட்டியைத் திறந்துவிட்டேன்.

மோதிரம் இருந்தது. ஒரு ஜோடிச் சின்னத் தோடு இருந்தது. பேப்பரில் மடித்த ஒரு சிம் கார்டு, நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஒரு நர்சிங் கல்லூரியின் அடையாள அட்டை. அட்டையில் அவள் இரட்டை ஜடை போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

தொலைந்துபோன மோதிரத்தை யாரும் மூன்று பால் கவரில் முடிச்சுப் போட்டு வைப்பதில்லை. தோண்டும்போதே எனக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பின்வாசலில் நின்றாள். ஓடி வரவில்லை, அழவில்லை. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

மாமியார் பெட்டியை என் கையில் இருந்து வாங்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியதை ஒரு நொடிதான் பார்க்க முடிந்தது. பிறகு சிரித்தார்.

“பாருங்க மேடம், சின்னப் பிள்ளை மாதிரி எங்கேயோ வெச்சுட்டு மறந்துட்டா. இந்த வயசுல என்ன மறதி!”

மகன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தான். சட்டைப்பை இல்லாததால் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனான். அவளை அவன் பார்க்கவே இல்லை.

“நாங்க கிளம்புறோம்” என்றார் விமானப்படைக்காரர்.

“போட்டோ எடுக்காமலா?” என்றார் அந்த அம்மா. “நீங்க எல்லாருக்கும் எடுப்பீங்களாமே. குரூப்புல பார்த்திருக்கேன். வாம்மா இங்க.”

அவள் வந்தாள். மாமியாரே மோதிரத்தை அவள் விரலில் போட்டார். தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு நின்றார். நான் போனை எடுத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தடை இருந்தது? போனில் சார்ஜ் இல்லை என்று ஒரு பொய் போதும். எடுத்தேன். சரியாக விழவில்லை என்று இரண்டாவதும் எடுத்தேன்.

திரும்பி வரும்போது விமானப்படைக்காரர்தான் காரை ஓட்டினார். வண்டலூரில் சிக்னலில் நின்றபோது சொன்னார்: “அந்தப் பொண்ணு உங்ககிட்ட ரெண்டு தடவை சொல்லுச்சு மேடம்.”

“எனக்கு எப்படி சார் தெரியும்?”

“எனக்கும் தெரியாது. ஆனா சொன்னது காதுல விழுந்துச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. தெரிந்திருந்தால் நீங்கள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார். அன்று சாயங்காலம் நான் அந்தப் போட்டோவைக் குழுவில் போட்டேன். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. காரிலேயே எல்லாம் புரிந்துவிட்டது, ஆனாலும் போட்டேன். போடாவிட்டால் நான் ஏதோ தப்பு செய்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. வழக்கத்தைவிட அதிகமாகக் கைகூப்பு வந்தது. விமானப்படைக்காரர் ஒன்றும் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து அதை அழித்தேன். மறுநாளே அந்த அம்மா போன் செய்தார். “ஏன் மேடம் எடுத்துட்டீங்க? சொந்தக்காரங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டிட்டு இருந்தேன். எனக்கு மட்டும் தனியா அனுப்பிடுங்க.” அனுப்பினேன்.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் தனியாக மின்சார ரயிலில் போனேன். மண் தோண்டும் சின்னக் கரண்டியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன் என்று சாக்கு. கரண்டி என் கைப்பையிலேயே இருந்தது.

மாமியார் சந்தோஷமாக வரவேற்றார். பின்கதவில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. மனையில் கொடி இல்லை. துணியை இப்போது மொட்டைமாடியில் காயப்போடுகிறார்கள் என்றார். அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். விரலில் மோதிரம் இருந்தது. அவள் கேட்கிற தூரத்தில்தான் அந்த அம்மா பேசினார்.

“உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு மேடம். நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறப்ப கல்யாணம் பண்ணினோம். முடிச்சே ஆகணுமாம். கல்யாணம் முடிஞ்சு படிக்கலாம்னு சொன்னீங்களேங்கிறா. சொன்னோம், இல்லேங்கல. அதுக்கு ஒரு நேரம் காலம் இல்லையா? கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி ஓசூர்ல ஹாஸ்டல்ல இருக்காளாம். மோதிரத்தையும் தோட்டையும் வித்து அங்க போயிடறதா பிளான். நல்லவேளை, கடவுள் மாதிரி நீங்க வந்தீங்க.”

நான் தலையாட்டினேன். எங்கள் கல்லூரியிலும் வருடத்துக்கு இரண்டு மூன்று பெண்கள் பாதியில் கல்யாணமாகிப் போவார்கள். செய்முறைத் தேர்வு நாளில் அவர்கள் மேசை காலியாக இருக்கும். அப்போதெல்லாம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எவ்வளவு பேசியிருக்கிறேன், இந்தப் பெற்றவர்களை என்ன சொல்வது, ஒரு வார்த்தை தட்டிக் கேட்க ஆள் இல்லையே என்று. இந்த அம்மா எதிரே காபியைக் குடித்துக்கொண்டு தலையாட்டினேன். காபி நன்றாகவே இருந்தது.

“உங்க மருமக நல்ல பொண்ணுதான்” என்று மட்டும் சொன்னேன்.

“நாங்க மட்டும் கெட்டவங்களா மேடம்? அடிச்சோமா, திட்டினோமா? எங்க வீட்டுப் பொண்ணாத்தான் பார்க்குறோம்.”

கிளம்பும்போது அந்த அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. “கேட் வரைக்கும் விட்டுட்டு வாம்மா” என்று அவளை அனுப்பினார். ஜன்னலில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்.

கேட்டருகே நான் சொன்னேன்: “எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டேன்.”

“தெரியும் ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாதுன்னு.” தலைகுனிந்தபடி தாழ்ப்பாளைத் தள்ளினாள். “நீங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மோதிரம் என்னுதுன்னு சொல்லிட்டு எல்லாரும் அத்தை முன்னாடியேதான் கேட்டீங்க.”

“என் நம்பர் தரேன். எப்ப வேணாலும் கூப்பிடு.”

“போன் அவர்கிட்ட இருக்கு.”

“அப்ப சொல்லு. ஒரு நாள் நான் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஒரு பதிலை எதிர்பார்த்துக் கேட்டாள்.

“எங்க?”

சேலையூரில் எங்கள் வீட்டில் மகனுடைய அறை பூட்டியே கிடக்கிறது. கட்டில் இருக்கிறது, மேசை இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றி எத்தனை மருத்துவமனை, எத்தனை கல்லூரி. எனக்குத் தெரிந்த பேராசிரியர்கள் எத்தனை பேர். எங்கள் வீட்டுக்கு வா என்று சொல்ல இரண்டு நொடிகூட ஆகாது. என் கணவரைக் கேட்க வேண்டுமே என்று நினைத்தேன். நாளைக்கு இவர்கள் போலீசோடு வந்து நின்றால் காலனியில் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். அறுபது வயதில் எதற்கு இந்த வம்பு என்றுகூட நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்து முடிப்பதற்குள் அவள் கேட்டைத் திறந்துவிட்டாள்.

“பார்த்துப் போங்க ஆன்ட்டி. ரோட்டுல பள்ளம் இருக்கு.”

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். “பாவம். கூட்டிட்டு வந்திருக்கலாமே, ரூம் சும்மாதானே கிடக்கு” என்றார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நான்தான் இத்தனை வருடமும் அவர் தலையில் என் பயத்தைப் போட்டுத் தப்பித்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்த பிறகாவது மறுநாள் போனேனா? இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்றிருந்தேன். பிறகு மாசி போனது, பங்குனி வந்தது. மகன் குடும்பத்தோடு வந்து அந்த அறையில் ஒரு மாதம் இருந்தான்.

விமானப்படைக்காரர் என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டார். சண்டையெல்லாம் இல்லை. முழங்கால் வலி என்றார். ஆனால் கோவளத்தில் அவரைத் தனியாகப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

நான் நிறுத்தவில்லை. இப்போதும் யாராவது கூப்பிட்டால் போகிறேன். ஒரு மாற்றம்தான், மோதிரத்துக்கு உரியவரிடம் தனியாகப் பேசிவிட்டுத்தான் கருவியை எடுப்பேன். பெரும்பாலானவர்களுக்கு நான் எதற்கு அப்படிக் கேட்கிறேன் என்றே புரிவதில்லை. பெருங்களத்தூரில் ஒரு பெண், “ஏன் மேடம், நானே ஒளிச்சு வெச்சிருப்பேன்னு சந்தேகப்படறீங்களா?” என்று கோபித்துக்கொண்டாள். அவளுடைய மோதிரம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடைத்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போட்டோ எடுக்கவில்லை.

போன கார்த்திகையில் தாம்பரம் மார்க்கெட்டில் வளையல் கடை வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பினேன். அதற்குள் கையைப் பிடித்துவிட்டார். கூட இரண்டு சொந்தக்காரப் பெண்கள். அவள் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். முகம் உப்பியிருந்தது.

“இவங்கதான் மோதிரத்தை எடுத்துக் குடுத்தவங்க” என்று அந்த அம்மா மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார். “பாருங்க மேடம், இப்ப விரல் வீங்கிடுச்சு, ஏறவே மாட்டேங்குது. கழட்டி பீரோவுல வெச்சிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நீங்க கண்டிப்பா வரணும். உங்க கையாலயும் ரெண்டு வளையல் போடணும்.”

கடைக்காரர் அவள் கையை அமுக்கி அமுக்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை.

“நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கேன் ஆன்ட்டி” என்றாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, “பச்சை வேண்டாம்ணா, சிவப்பு குடுங்க” என்றாள்.

அதற்குள் அந்த அம்மா, “பச்சையே இருக்கட்டும்” என்றார். கடைக்காரர் பச்சையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை.